வில்லனுக்கு எத்தனை ‘ங்க’

பனியன் தொழிலில் ‘ரிட்டன்’ என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அதுதான் என் பெயர்.

வெளியூர் வியாபாரிக்கு அனுப்பிய பண்டல் அவருக்குப் பிடிக்காமல் திரும்பி வந்தால் அது ரிட்டன். பண்டலின் மேல் நாம் எழுதிய விலாசத்தை அடித்துவிட்டு, அதற்குக் கீழே நம் விலாசத்தையே எழுதியிருப்பார்கள். லாரியிலிருந்து அதை இறக்கும்போது கம்பெனியில் யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள். சாவு வீட்டில்கூட அதைவிடக் கொஞ்சம் பேச்சு இருக்கும்.

என் கதைகளும் அப்படித்தான் வந்தன. மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பதினொரு கதைகள் அனுப்பியிருந்தேன். திருப்பி அனுப்புவதற்கென்று நானே விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டி உள்ளே வைத்த உறையில், பதினொன்றும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று கம்பெனி விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. கம்பெனி வாசலுக்குப் பக்கத்தில் கட்டிங் மேஜை. அங்கே நிற்பவன் கன்னையன். துணியை அடுக்கடுக்காக விரித்து, பனியன் அளவுக்கு வெட்டுகிற ஆள். எதையாவது சொல்வதற்கு முன்னால் பெரிய கத்திரியைக் காற்றில் இரண்டு தரம் ‘சடக் சடக்’ என்று வெட்டிக்கொள்வது அவன் பழக்கம். ஏழாவது உறை வந்த அன்று அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். சடக் சடக். “ஏப்பா, சம்பந்தத்துக்கு ரிட்டன் வந்திருக்குது” என்றான்.

என் முழுப்பெயர் ஞானசம்பந்தம். எட்டாவது உறைக்கு நான் ‘ரிட்டன் சம்பந்தம்’ ஆனேன். பத்தாவது உறைக்கு வெறும் ‘ரிட்டன்’. பிசிறு நூல் வெட்டுகிற பெண்கள், “ரிட்டன் அண்ணா, சித்த வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்பார்கள். கேலியாகச் சொல்லவில்லை, பெயர் அதுதான் என்று நினைத்துச் சொன்னார்கள். எங்கள் தெருக் குழாயில் ஒருத்தி என் மனைவி சாரதாமணியிடம், “நீங்க ரிட்டன் ஊட்டுக்காரம்மாதானுங்க?” என்று மரியாதையாகக் கேட்டாளாம். சாரதாமணி அரைக்குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

இதெல்லாம் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் ஆயுத பூஜை ஒன்று இருந்தது. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு மிஷின்களைத் துடைத்து, சந்தனம் வைத்து, ஒவ்வொன்றிலும் அதை ஓட்டுகிறவர் பெயரை அட்டையில் எழுதி மாலையோடு தொங்கவிடுவோம். எல்லாருடைய குடும்பமும் வரும். என் மாமனார் மடத்துக்குளத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அட்டை எழுதுகிறவன் கன்னையன், கையெழுத்து அவனுக்கு அச்சு மாதிரி இருக்கும். ஆடி மாசமே சொல்லிவிட்டான், “இந்த வருசம் உன்ற மிசின்ல ரிட்டன்னே எளுதித் தொங்கவுடப் போறேன்.”

அவன் சொன்னால் செய்வான். ஆயுத பூஜைக்குள் ஒரு கதை, ஒரே ஒரு கதை, அச்சில் வந்தாக வேண்டும்.

நான் அந்தக் கம்பெனியில் ஃபிட்டர். ஆறு நிட்டிங் மிஷின்கள் என் பொறுப்பு, அதில் மூன்றாவதை நானே ஓட்டுவேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நிட்டிங் மிஷின் வட்டமாக, ஒரு பெரிய அண்டா மாதிரி இருக்கும். அண்டாவின் விளிம்பு முழுக்க நூற்றுக்கணக்கில் ஊசிகள். ஒவ்வொரு ஊசியின் தலையிலும் ஒரு கொக்கி, கொக்கியை மூடித் திறக்க ஒரு சின்ன நாக்கு. ஊசி மேலே போய் நூலைப் பிடிக்கும், நாக்கு மூடும், ஊசி கீழே இறங்கிப் பழைய கண்ணிக்குள் புதுக் கண்ணியை இழுக்கும். அவ்வளவுதான். ஒரு ஊசியின் நாக்கு மூடாவிட்டால் அந்தக் கண்ணி நழுவும். அதற்குக் கீழே இருக்கிற கண்ணிகள் எல்லாம் ஒன்றையொன்று கைவிட்டு, துணியில் ஓர் ஏணி விழும். நெய்த துணியில் ஓட்டை விழுந்தால் அது விழுந்த இடத்தோடு நிற்கும். பின்னிய துணியில் அது ஓடும். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து பனியனுக்கு வந்தவன் நான், இந்த வித்தியாசம் புரிந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கதையும் பின்னல்தான் என்பது என் எண்ணம். ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். பன்னிரண்டாவது கதையை அப்படித்தான் பின்னினேன். பெயர் ‘கிணற்று மேடு’. லிங்கசாமி என்று ஒரு பண்ணைக்காரர் பக்கத்து நிலத்தின் எல்லைக்கல்லை நகர்த்திப் போட்டுவிடுகிறார். குமாரவேல் என்ற இளைஞன் அதைக் கண்டுபிடிக்கிறான். ஓட்டைவாய்த் தையல்காரன் ஒருவன் அதை லிங்கசாமியிடம் போய்ச் சொல்லிவிட, அவர் கொடுவாளோடு கிணற்று மேட்டுக்கு வருகிறார். ஒரு கண்ணிகூட நழுவவில்லை என்று நம்பினேன்.

ஆடிக் கடைசியில் அது திரும்பி வந்தது. கன்னையன் கத்திரியை எடுத்தான். ஆனால் உறைக்குள் வழக்கமான அச்சடித்த சீட்டு இல்லை. ‘தங்களின் மேலான படைப்பைப் பிரசுரிக்க இயலாமைக்குப் பெரிதும் வருந்துகிறோம்’ என்கிற அந்தச் சீட்டு பதினொன்று என்னிடம் இருந்தது. இந்த முறை மையால் எழுதிய கடிதம், வணக்கம்கூட இல்லாமல் தொடங்கியது.

‘கதை ஓடுகிறது. உங்கள் வில்லன்தான் ஓடவில்லை. பதினான்கு பக்கத்தில் அவன் நாற்பத்தொரு தடவை ‘ங்க’ போடுகிறான். கடைசிப் பக்கத்தில் கொடுவாளை ஓங்கிக்கொண்டு ‘உங்க தலை இந்தக் கெணத்துல மெதக்குமுங்க’ என்கிறான். இவன் கொலை செய்ய வந்தவனா, பெண் கேட்க வந்தவனா? வாசகன் பயப்பட வேண்டும். திருத்தி, மாதம் முடிவதற்குள் அனுப்பினால் பார்க்கலாம்.’

நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்துமூன்று. இரண்டை விட்டுவிட்டார்.

கன்னையன் கடிதத்தைப் படித்துவிட்டு, இதுவும் ரிட்டன்தான் என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. செக்கிங் மேஜையில் துணியை மூன்றாகப் பிரிப்பார்கள். நல்லது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம், சின்னத் திருத்தம் செய்தால் தேறக்கூடியது நடுவில். நடுவில் போகிறதுக்கு ஆல்ட்ரேஷன் என்று பெயர். இது ஆல்ட்ரேஷன் என்றேன். பதினைந்து நாள் இருந்தது.

முதலில் சுலபமான வழியைச் செய்தேன். பென்சிலால் நாற்பத்துமூன்று ‘ங்க’வையும் பிசிறு வெட்டுகிற மாதிரி வெட்டினேன். காலையில் சாரதாமணி அடுப்பு மூட்டும்போது உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். லிங்கசாமி கொடுவாளை ஓங்கி, ‘உன் தலை இந்தக் கிணற்றில் மிதக்கும்’ என்றார்.

“இவரு எந்த ஊருங்க?” என்றாள் சாரதாமணி.

நம்ம பக்கம்தான், குண்டடத்துக்குப் பக்கத்தில் என்றேன்.

“ரேடியோவுல செய்தி வாசிக்கறவராட்ட இருக்குதுங்க.”

அவள் சொன்னது சரி. வெட்டியதில் பிசிறு மட்டும் போகவில்லை, பனியனின் கையும் போய்விட்டது. எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: எனக்குக் கோபமான பேச்சே தெரியாது. காதால் கேட்டால்தானே எழுத முடியும். எனவே கேட்கப் புறப்பட்டேன்.

சந்தைக்குப் போய் மாடு பேரம் நடக்கிற இடத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்றேன். இரண்டு பேருக்கு நல்ல தகராறு வந்தது. பல்லைப் பார்த்து வாங்கிய மாட்டுக்கு வயது கூடுதலாம். ஒருவர் முகம் செங்கல் மாதிரி சிவந்திருந்தது. நான் தாளை எடுத்தேன். “நீங்க சொன்னது பொய்யுங்க சாமி” என்றார் அவர். “அப்படிங்களா, நீங்க நல்லாருங்க” என்றார் மற்றவர். கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்து நாலு அடி பின்வாங்கியது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தாளை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல கோபம் ஒன்று என் கண்ணெதிரில் நடந்திருக்கிறது, நான் அது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பிறகு பார்சல் ஆபீசுக்குப் போனேன். அங்கே மெட்ராஸ் லாரி டிரைவர் ஒருவர் பஞ்சரான சக்கரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்தில் ஒன்பது புது வார்த்தைகள் கிடைத்தன. ஒரு குயர் நோட்டில் சுத்தமாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தச் சமயத்தில் சொன்னார் என்று குறித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்பதில் ஏழை அச்சில் போட முடியாது. மீதி இரண்டும் லிங்கசாமி வாயில் ஒட்டவில்லை.

நோட்டை சாரதாமணி பார்த்துவிட்டாள். அன்று மத்தியானம் என்னிடம் அவள் பேசவில்லை. சுவரிடம் பேசினாள். “இந்த ஊட்டுல ஆரோ புதுசா வேற பாசை படிக்கறாங்களாட்ட இருக்குது. படிக்கட்டும். படிச்சவங்களுக்கு நம்ம களி எறங்குமோ என்னமோ.” களி இறங்கவில்லை. இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. கண்முன்னால் ஓடுகிற மிஷினைப் பார்க்காமல் மிஷின் புஸ்தகத்தைத் தேடுகிற ஃபிட்டர் உண்டு. அந்தப் பத்து நாளும் நான் அவன்தான்.

ஐந்து நாள் மிச்சம் இருந்தபோது ஒரு யோசனை வந்தது. எங்கள் முதலாளி கிட்டுசாமி, குண்டடம் பக்கத்துப் பண்ணையத்தை விட்டுப் பனியனுக்கு வந்தவர். ஆள் பார்க்க லிங்கசாமி மாதிரியே இருப்பார். என்னை எட்டு வருஷமாக ‘டேய்’ என்பார், சந்தோஷமாக இருந்தால் ‘கண்ணு’ என்பார். சாதாரணமாகவே ‘டேய்’ என்கிறவர் கோபம் வந்தால் எவ்வளவு தூரம் போவார்? அவரை ஒரே ஒரு தடவை கோபப்படுத்திவிட்டால் போதும். வில்லனுடைய வசனம் முழுவதும் எனக்குக் கிடைத்துவிடும்.

மிஷினில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. துணியைக் கெடுத்து எழுதுகிற கதை விளங்காது. வேறு வழி யோசித்தேன். எங்கள் கம்பெனி மார்க் தங்கச் சேவல். எதிர்த் தெருவில் ஒரு கம்பெனி, அவர்கள் மார்க் ரெட்டை வாத்து. எங்கள் முதலாளிக்கு அந்த வாத்தைக் கண்டால் ஆகாது. ஏரியில் வாத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். மிஷின் அறையில் சூட்டுக்கு நாங்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பனியனோடுதான் வேலை செய்வோம். நான் கடைத்தெருவில் ஒரு ரெட்டை வாத்து பனியன் வாங்கி, அடுத்த நாள் போட்டுக்கொண்டு போனேன். கழுத்துப் பட்டையின் பின்பக்கம் இரண்டு மஞ்சள் வாத்துகள். அதன் பின்னல் நன்றாகவே இருந்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியாத விஷயம், அன்றைக்கு மதுரையிலிருந்து மொத்த வியாபாரி ஒருவர் வருகிறார் என்பது.

பதினோரு மணிக்கு நான் மூன்றாம் மிஷினுக்கு அடியில் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி வியாபாரியை அழைத்துக்கொண்டு வந்தார். தங்கச் சேவலைப் போட்டால் தோலைப் போட்ட மாதிரி, எங்க ஆளுங்களே இதைத் தவிர வேற தொடமாட்டாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் முதுகுக்குப் பின்னால் வந்ததும் பேச்சு நின்றது. வியாபாரி குனிந்து என் கழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். “ரெட்டை வாத்து.”

முதலாளி சிரித்தார். வியாபாரியைத் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப்போனார், இளநீர் வெட்டிக் கொடுத்தார், குதிரை வண்டி வரவழைத்து ஸ்டேஷனுக்கு ஏற்றிவிட்டார். பிறகு திரும்பி வந்தார். நான் காதில் பென்சிலும் இடுப்பில் மடித்த தாளுமாகத் தயாராக நின்றேன்.

“வாங்க” என்றார் முதலாளி.

கட்டிங் மேஜையில் கத்திரிச் சத்தம் நின்றது. பிசிறு வெட்டுகிற பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

முதலாளி ஒரு முக்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டு, மேல்துண்டால் தூசி தட்டினார்.

“உக்காருங்க. நின்னுட்டே இருந்தா காலு வலிக்குமுங்க.”

உட்கார்ந்தேன்.

“உங்க பேரு ஞானசம்பந்தமுங்களா?”

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பெயரை முழுசாகச் சொல்கிறார். ஆமாங்க என்றேன்.

“நம்ம பனியன் உங்க ஒடம்புக்கு ஒத்துக்கலீங்களாட்ட இருக்குதுங்க. நாந்தான் கவனிக்காம இருந்துட்டனுங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க.” குரல் ஏறவே இல்லை. நோயாளியிடம் பேசுவது போல இருந்தது. “இனிமே நீங்க ஊட்டுல இருந்து ஒடம்பப் பாத்துக்கங்க. மெதுவாப் போங்க. வாசல்கிட்ட குழி இருக்குதுங்க. பாத்துப் போங்க.”

அவர் அப்படி ‘பாத்து’ என்றபோது, அந்தக் குழியில் நான் விழுந்து, மேலே மண்ணும் மூடிவிட்ட மாதிரி இருந்தது. சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெயிலில் பாதி தூரம் வந்தபிறகுதான் தாளில் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நினைவுக்கு வந்தது. எழுதத் தேவையும் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் உள்ளே இருந்தது. நொய்யல் பாலத்தில் நின்றேன். வேலை போனதற்காக நிற்கவில்லை. என் வில்லன் ஏன் ஓடவில்லை என்பது பிடிபட்டுவிட்டது, அதனால் நின்றேன்.

நிட்டிங் மிஷினில் கண்ணியின் இறுக்கத்தை மாற்ற ஒரு திருகு இருக்கிறது. அதே நூல், அதே ஊசிதான். திருகை அரைச் சுற்று முறுக்கினால் கண்ணி சின்னதாகி, துணி விறைக்கும். ஆனால் முதல் கஜத்திலிருந்தே விறைப்பாக ஓட்டினால் அது விறைப்பு என்றே தெரியாது. துணியே அப்படித்தான் என்று தோன்றும். தளர்ந்த துணிக்கு அடுத்தாற்போல் இறுகிய துணி வரும்போதுதான் விரல் அதைக் கண்டுபிடிக்கும். என் லிங்கசாமி முதல் பக்கத்தில் ‘வாங்க’ என்றார், கடைசிப் பக்கத்திலும் ‘வாங்க’ என்றார். நாற்பத்துமூன்று ‘ங்க’வும் ஒரே இறுக்கம். குற்றம் ‘ங்க’வில் இல்லை. அது எங்கே தொடங்குகிறது என்பதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாரதாமணியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “சாப்பிடறீங்களா?” என்றாள். என்னிடம்தான் கேட்டாள், சுவரிடம் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அவளுடைய திருகு வேறு மாதிரி. அவள் எப்போதுமே எனக்கு ‘ங்க’ போடுகிறவள், எனவே அதில் ஏற்ற இடமில்லை. கோபம் வந்தால் என்னை விட்டுவிட்டுச் சுவருக்குப் போய்விடுவாள். சாப்பிட்டுக்கொண்டே இதை அவளுக்கு விளக்கினேன். பத்து வருஷம் குடும்பம் நடத்தியும் இது இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா என்று கேட்டாள்.

பிறகு அந்தப் பதினொரு அச்சடித்த சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். தங்களின், மேலான, பெரிதும். மெட்ராஸிலும் இதே திருகுதான். வணக்கம் இல்லாமல் ‘உங்கள் வில்லன் ஓடவில்லை’ என்று எழுதிய மனிதர்தான் என்னை மதித்திருக்கிறார்.

மூன்று காலைகள் எழுதினேன். புது லிங்கசாமி முதல் பக்கத்தில் குமாரவேலை ‘டேய்’ என்று கூப்பிட்டுத் தோளில் தட்டினார். எல்லைக்கல் விஷயம் வெளிப்பட்டதும் ‘வாப்பா’ என்றார். பிறகு ‘வாங்க’. மொத்தக் கதையிலும் ஒன்பதே ‘ங்க’தான். கடைசி மூன்று கிணற்று மேட்டில். அங்கே அவர் கொடுவாளை ஓங்கவே இல்லை, இடுப்பிலேயே இருக்கிறது. ‘உக்காருங்க’ என்று துண்டால் கல்லைத் தட்டிக் கொடுக்கிறார். ‘கெணத்துக்கிட்ட வளுக்குமுங்க. பாத்துப் போங்க’ என்கிறார்.

தையல்காரனையும் கொஞ்சம் திருத்தினேன். உளறுவதற்கு முன்னால் அவன் என்ன செய்வான் என்பது முந்தைய பிரதியில் இல்லை. கத்திரியைக் காற்றில் இரண்டு தரம் வெட்டிக்கொள்வான் என்று சேர்த்தேன். தானாக வந்து விழுந்தது.

சாரதாமணிக்கு வாசித்தேன். துண்டால் கல்லைத் தட்டுகிற இடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது. “அவன எந்திரிச்சு ஓடச் சொல்லுங்க” என்றாள். தபாலில் போட்டேன்.

நான்காம் நாள் கன்னையன் வீட்டுக்கு வந்தான். மூன்றாம் மிஷினில் துணி முழுக்க ஏணி விழுகிறதாம், யாராலும் சரிசெய்ய முடியவில்லையாம், முதலாளி வரச் சொன்னாராம். நான் உடனே கிளம்பவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல் என்றேன்.

“ ‘அவரு ஒடம்பு தேவலைன்னா வரச் சொல்லு’ன்னாரு.”

“அவன்னாரா, அவருன்னாரா?”

“அவரு.”

ஆக, கோபம் தீரவில்லை. மிஷினுக்காக அழைக்கிறார். போனேன். நாக்கு வளைந்திருந்த ஊசியைக் கண்டுபிடித்து மாற்றினேன். வேலை திரும்பக் கிடைத்தது, ‘டேய்’ கிடைக்கவில்லை. ‘வந்துட்டீங்களா’ என்பார் காலையில். மற்றவர்களுக்கு அலுமினிய டம்ளரில் டீ வரும், எனக்கு மட்டும் கண்ணாடி கிளாஸில், கீழே சாசரோடு. சாசர் நடுங்கும் சத்தம் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஐந்து வாரம் அப்படிக் குடித்தேன்.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு வந்த தபால் உறையாக இல்லை, சுருட்டிக் காகிதப் பட்டை ஒட்டிய பத்திரிகையாக இருந்தது. கன்னையன் பட்டையைப் பிரித்தான். ‘கிணற்று மேடு’, முதல் கதை. பக்கத்தில் மீசையும் துண்டுமாக லிங்கசாமியின் படம். எல்லாரும் கூடிவிட்டார்கள். கன்னையன் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து உரக்க வாசித்தான். தையல்காரன் வருகிற இடம் வரைக்கும் வாசித்தான். பிசிறு வெட்டுகிற பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்திக்கு விக்கல் வந்தது. கன்னையன் பத்திரிகையை மூடி என் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, துணி விரிக்கப் போய்விட்டான். எனக்கிருந்த சந்தோஷத்தில் அந்த மரியாதையை நான் கவனிக்கவில்லை.

எனக்கிருந்த கவலை முதலாளி. ‘உக்காருங்க’, துண்டு, ‘பாத்துப் போங்க’ எல்லாம் அப்படியே அச்சில் இருக்கிறது. ஐந்து வாரமாக இருக்கிற ‘ங்க’ இனி எங்கே போய் நிற்கும்?

பூஜையன்று எல்லாரும் வந்திருந்தார்கள். சாரதாமணி பட்டுப் புடவையில், என் மாமனார் புது வேட்டியில். முதலாளி உள்ளே வந்தார். அவர் கையில் அந்தப் பத்திரிகை சுருண்டிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

“டேய் சம்பந்தம்.”

அதைவிட இனிமையான சொல்லை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

“இதுல வர்றானே லிங்கசாமி, அவன் ஆருன்னு எனக்குத் தெரியும்டா.”

கற்பனைதானுங்க என்றேன்.

“எனக்கா சொல்ற? ரெட்டை வாத்துக்காரன்தான? அவன் இப்படித்தான்டா, சிரிச்சுச் சிரிச்சுப் பேசியே கழுத்தறுப்பான். அப்படியே அச்சா எறக்கிட்ட.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதுக்குத்தான் அன்னைக்கு அவன் பனியனைப் போட்டுட்டு வந்தியா? வேவு பாக்கப் போனியா கண்ணு?”

ஆமாங்க என்றேன். பொய்தான். கதை எழுதுகிறவனுக்கு அந்த அளவுக்கு அனுமதி உண்டு என்று நினைக்கிறேன். மதுரைக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பப் போவதாக முதலாளி சொல்லிவிட்டு, சாமி கும்பிடப் போனார்.

அப்போது சாரதாமணி என் கையைத் தொட்டு, மூன்றாம் மிஷினைக் காட்டினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. மாமனார் அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு படித்தார். சாமந்தி மாலைக்கு நடுவே கன்னையனின் அச்சுக் கையெழுத்தில் இருந்தது: ‘உயர்திரு ஞானசம்பந்தம் அவர்கள்.’

மற்ற ஐந்து அட்டைகளையும் பார்த்தேன். எல்லாம் வெறும் பெயர்.

கன்னையனைத் தேடிப் போனேன். பொரிப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். நான் வந்ததும் எழுந்து நின்றான். என்னைப் பார்த்து எழுந்து நின்றான். பேசுவதற்கு முன்னால் கை வழக்கம்போல் ஏதோ வெட்டப் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“கன்னையா,” என்றேன், “ரிட்டன்னே எழுதிடு.”

“அதெப்படிங்க முடியும்? எளுதறவங்க நீங்க. எங்களையெல்லாம் உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி எளுதறீங்க. நாங்க உங்களை மரியாதையாத்தானுங்க எளுதோணும்.” ஒரு பொரிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினான். “இந்தாங்க, சாப்பிடுங்க.”

என் கதையில் லிங்கசாமிக்குக் கிணற்று மேட்டில் மூன்று ‘ங்க’ போதுமானதாக இருந்தது. இவனுக்கு எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டேன். பூஜைப் பலகையில் அவனுடைய பெரிய கத்திரி சந்தனப் பொட்டோடு கிடந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பலகைக்கு அந்தப் பக்கமாகப் போய், கத்திரி அவன் கைக்கு எட்டாத மாதிரி பார்த்து உட்கார்ந்தேன்.